ஆபீஸ் வீட்டுக்கு வந்த நாள்

ஆரணியில் ஒரு அரசாங்க ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு எதற்கு வம்பு. எல்லா ஆபீசையும் போலத்தான் அதுவும். காலையில் பூட்டைத் திறந்து, கூட்டி, மேஜை மேஜையாகத் துடைத்து, ஆபீசர் நாற்காலியில் வெள்ளைத் துண்டை உதறிப் போட்டால் ஆபீஸ் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டை உதறிப் போட்டவர் துரைக்கண்ணு. பியூன். ஆபீசில் எல்லோரும் அவரை 'அவன்' என்றுதான் சொல்வார்கள். நான் 'அவர்' என்றே சொல்லப்போகிறேன், அறுபது வயசு மனுஷனை வேறு எப்படிச் சொல்வது?

எல்லா வேலையும் அவர் செய்வார். தபால் கொடுப்பார், ஃபைல் கட்டுகளை அடுக்குவார், ஃபிளாஸ்க்கை எடுத்துப்போய் டீ வாங்கி வருவார். மூலையில் இருந்த பானையில் தண்ணீர் பிடித்து வைப்பது மட்டும் வாட்ச்மேன் வேலை. ஏன் என்று யாரும் பேசிக்கொண்டதில்லை. துரைக்கண்ணு காலனிக்காரர், அவ்வளவுதான் விஷயம். இதையெல்லாம் யாராவது வாயைத் திறந்து சொல்வார்களா?

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ரிடையர் ஆனால் மாலையைப் போட்டு அனுப்பிவிடுகிற கதை இல்லை. மொத்த ஆபீசும் ஜீப்பிலும் சைக்கிளிலுமாக அவர் வீட்டுக்கே போகும். வீட்டுக்கார அம்மா வாசலில் ஆரத்தி எடுப்பாள். உள்ளே கேசரி, பஜ்ஜி, காப்பி. கிளம்புகிற நேரத்தில் ஆபீசர் எழுந்து நின்று, அந்த அம்மாவைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் இல்லாம நாங்க எப்படி ஆபீஸ் நடத்தப்போறோமோ" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பொய்யோ மெய்யோ, கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

துரைக்கண்ணு அத்தனை பேர் வீட்டுக்கும் மாலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர். போய்விட்டு வந்து பெண்டாட்டி பச்சையம்மாளிடம் ஒன்று விடாமல் சொல்வார். எந்த வீட்டில் என்ன பலகாரம், எந்த அம்மா என்ன புடவை, ஆபீசர் என்ன பேசினார், எல்லாம். தனக்குப் பின்கட்டில் இலை போட்டார்கள் என்பதை மட்டும் சொன்னதில்லை. பச்சையம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். ஒரு தடவை மறந்துபோன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறாள், வாசல் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமே நின்று கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையைத் தன் வீட்டு வாசலில் தன் காதால் கேட்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த ஆசை.

எண்பத்து மூன்றாம் வருஷம் செப்டம்பர் மாசக் கடைசியில் துரைக்கண்ணுவின் முறை வந்தது.

பச்சையம்மாள் சும்மா சொல்லக்கூடாது, பெரிய யோசனைக்காரி. "நம்ம கையால செஞ்சா அவுங்க துன்னுவாங்களோ மாட்டாங்களோ, நமக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?" என்றாள். ஆகவே அடுப்பே பற்றவைக்கவில்லை. கலர் சோடா பாட்டில் வாங்கினாள், மூடி திறக்காதது. வாழைப்பழம், தோல் உரிக்காதது. ஸ்வீட் கடையில் ஜாங்கிரி வாங்கி, அட்டைப்பெட்டியில் சணல் சுற்றியது சுற்றியபடியே வைத்தாள். யாரும் எதையும் சாக்காகச் சொல்லிவிடக்கூடாது என்று ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வைத்தவள் அவள். கலசப்பாக்கத்தில் இருந்து அவள் அண்ணன் வீரன் முதல் நாளே வந்து, பள்ளிக்கூட வாத்தியாரிடம் நாற்காலிகள் இரவல் வாங்கி வரிசையாகப் போட்டார்.

"நீ ஒண்ணும் செய்ய வாணாம்யா. அவுங்களக் கூட்டிகினு மட்டும் வா. மீதிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பினாள் பச்சையம்மாள். 

ஆபீசில் அன்றைக்கும் வேலை இருந்தது. கடைசி நாள் என்று தபால் நின்றுவிடுமா? துரைக்கண்ணு வழக்கம்போல டீ வாங்கி வந்தார், கட்டுகளைத் தூக்கினார். டைப்பிஸ்ட் அபிதகுசாம்பாள், "இன்னிக்காவது உக்காருங்க பெரியவரே" என்றாள். உட்காரத் தெரியவில்லை அவருக்கு.

மத்தியானம் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் சம்பந்தம் யாரிடமோ மெல்லிய குரலில் பேசுவது காதில் விழுந்தது. "காலனிக்குள்ள எப்படிங்க போறது? ஒரே சேறா இருக்கும். ஆபீசர் வேற. ரோட்டோட விட்டுட்டு வந்துட்டா தேவல." யாரோ, "அதுவும் சரிதான்" என்றார்கள்.

மழைக்காலம். சேறும் இருந்ததுதான். ஆனால் துரைக்கண்ணுவின் காதில் சேறு விழவில்லை, காலனி மட்டும் விழுந்தது. அத்தனை வருஷம் பானையைத் தொடாமல் இருந்த மனுஷனுக்கு வேறு எப்படிக் கேட்கும்? ஆத்திரம் வந்தது. அதற்குமேல் பயம். நாற்காலி போட்டு, புடவை மாற்றி, ஆரத்தித் தட்டோடு பச்சையம்மாள் நிற்க, வந்தவர்கள் வாசல் வரைக்கும் வந்து மூக்கைச் சுளித்துத் திரும்பிப்போனால் அவள் தாங்குவாளா? காலனி ஜனமே பார்த்துக்கொண்டிருக்குமே!

சாயங்காலம் மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். ஜீப்பில் ஆபீசருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பின்னால் சம்பந்தம், அபிதகுசாம்பாள், இன்னும் இரண்டு பேர். கோட்டை மைதானம் தாண்டி, ஆற்றுப்பாலம் தாண்டி ஜீப் போயிற்று. காலனி திருப்பம் தெரிந்ததும் பின்னால் பேச்சு நின்றுவிட்டது. சம்பந்தம் தொண்டையைக் கனைத்தார்.

அவர் எதையாவது சொல்லிவிடுவதற்குள் துரைக்கண்ணு முந்திக்கொண்டார். "இங்கயே நிறுத்துங்க சார். வூட்ல யாரும் இல்லைங்க."

"யாரும் இல்லையா?" என்றார் ஆபீசர்.

"கலசப்பாக்கத்துல என் மச்சினன் தவறிட்டாருங்க. மத்தியானம்தான் ஆள் வந்து சொன்னான். எல்லாரும் அங்க போயிட்டாங்க."

அடப்பாவி மனுஷா! வேறு பொய்யே கிடைக்கவில்லையா? இரவல் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிற வீரனைத்தானா சாகடிக்க வேண்டும்?

"என்னய்யா இது, அப்பவே சொல்லக்கூடாதா? மாலையெல்லாம் போட்டோமே!" என்று ஆபீசர் பதறினார்.

"நல்ல காரியம் நடக்கச்சொல்ல சாவு சேதி எதுக்குன்னுதாங்க" என்று துரைக்கண்ணு இறங்கிக்கொண்டார். ஜீப் திரும்பிப் போயிற்று. அபிதகுசாம்பாள் மட்டும் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசலில் பச்சையம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள், சுற்றிக் காலனிப் பெண்கள். அவள் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஆபீசருக்கு அவசரமா போன் வந்திருச்சி" என்றார்.

"எல்லாருக்குமா வந்திருச்சி?" என்றாள். தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கூட்டம் கலைந்தது. ஒருத்தி, "அவுங்க எங்க வரப்போறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனது எல்லார் காதிலும் விழுந்தது. வீரன் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனார். பச்சையம்மாள் ஜாங்கிரியையும் பழத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். கலர் பாட்டிலை மட்டும் கொடுக்கவில்லை. வாளித் தண்ணீரில் போட்டு வைத்து, "ஞாயித்துக்கிழம லீவுதான, வந்தாலும் வருவாங்க" என்றாள்.

வந்தார்கள். அதுதான் கொடுமை.

ஆபீசில் அன்றிரவே பேச்சு ஆகிவிட்டது. மச்சினன் செத்த சேதி தெரிந்தும் முகத்தில் காட்டாமல் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானே, என்ன மனுஷன் அவன் என்று உருகிப்போனார்கள். சாவு கேட்காமல் விடலாமா? சேறாவது மண்ணாவது என்று முதலில் கிளம்பியவர் சம்பந்தம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப் காலனிக்குள்ளேயே வந்து, துரைக்கண்ணு வீட்டு வாசலில் நின்றது. ஆபீசர், சம்பந்தம், அபிதகுசாம்பாள் மூன்று பேரும் இறங்கினார்கள்.

பனியனோடு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணுவுக்குக் கை கால் ஓடவில்லை. பச்சையம்மாளுக்கோ தலைகால் புரியவில்லை. "வாங்க சார், வாங்க, வாங்கம்மா!" என்று வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

சாவு வீட்டில் யாராவது வாங்க என்பார்களா? வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொல்லாமல், தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பச்சையம்மாள் வாளியில் இருந்து பாட்டில்களை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்து, மூடி திறக்காமல் அப்படியே நீட்டினாள்.

"வேணாம்மா" என்றார் ஆபீசர்.

"மூடி தொறக்கலீங்க. கடையில வாங்கினதுங்க, நாங்க எதுவும்..."

"ஐயோ, அதுக்கில்லம்மா. இப்ப இந்த வீட்ல எதுவும் சாப்பிடக்கூடாது" என்றார் சம்பந்தம். அபிதகுசாம்பாளும் கை எடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள்.

பச்சையம்மாள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றியது. இந்த வீட்ல! அவள் வேறு என்னவென்று எடுத்துக்கொள்வாள்? பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் நல்ல மனுஷர், மெதுவாகப் பேசினார். "அன்னைக்கே நாங்கல்லாம் வீட்டுக்கு வரணும்னுதாம்மா கிளம்பினோம். வீட்ல யாரும் இல்ல, சாவுக்குப் போயிருக்காங்கன்னு துரைக்கண்ணு ரோட்டுலயே இறங்கிட்டாரு. உங்க அண்ணனுக்கு என்னம்மா உடம்புக்கு?"

பச்சையம்மாள் ஆபீசரைப் பார்த்தாள். மறுபடி புருஷனைப் பார்த்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாமே விளங்கிவிட்டது. ஒரு வார்த்தையில் அவர் மானத்தை வாங்கியிருக்கலாம், அந்த நேரத்தில் யார் அவளைக் குற்றம் சொல்ல முடியும்?

"நெஞ்சு வலிங்க" என்றாள். உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நிஜமான அழுகை. அபிதகுசாம்பாள் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டு, தானும் அழுதாள். சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபீசர் துரைக்கண்ணுவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். சாவு கேட்க வந்த இடத்தில் ஒருத்தர் பெருமையையா பேசுவார்கள்? கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மூன்று பேரும் எழுந்தார்கள். போய்வருகிறோம் என்று சாவு வீட்டில் சொல்லக்கூடாது, அதனால் சொல்லாமலே போனார்கள்.

அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்களா? சாவுக்கு எந்த வாசலும் மிதிக்கிற ஜனம் விசேஷத்துக்கு மிதிக்குமா? எனக்குத் தெரியாது. வந்து கலரைக் குடித்திருக்கலாம், குடிக்காமல் போயிருக்கலாம். தெரிந்துகொள்ள இருந்தது ஒரே ஒரு வழி, அதைத் துரைக்கண்ணு தன் வாயாலேயே அடைத்துவிட்டார். நான் அவரைத் திட்டவில்லை. வலித்த இடத்தில் மறுபடி அடி விழுமோ என்று பயந்த மனுஷனை என்னவென்று திட்டுவது?

ஜீப் சத்தம் ஓய்கிற வரைக்கும் பச்சையம்மாள் அசையவில்லை. பிறகு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"உனக்குச் சங்கடமா பூடுமோன்னுதான்..." என்று ஆரம்பித்தார் துரைக்கண்ணு.

"எங்கண்ணனக் கொன்னுட்ட, போவட்டும். அவனுக்கு ஆயுசு கெட்டி" என்றாள் அவள். கோபமே இல்லாத குரல். "அவுங்க வரமாட்டேன்னு சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன்யா. எத்தினி பாத்திருக்கேன். வூட்ல யாரும் இல்லன்னு நீயாய்யா சொன்ன? புதுப்புடவ கட்டிகினு வாசல்ல நின்னுகினு இருந்தேனே, நான் யாருய்யா?"

மணி அடித்தால் எந்த வேலையையும் போட்டுவிட்டு "சார்" என்று ஓடிப்போய் நின்ற மனுஷன், கட்டிலை விட்டு எழுந்து அவள் முன்னால் நின்றார்.