ஜெயமலரின் குரல் வுப்பர்டாலுக்குப் போனது

1985 ஐப்பசியில் ஜெயமலரின் குரல் அவரை அகதி முகாமில் விட்டுவிட்டுத் தனியாக வுப்பர்டாலுக்குப் போனது. அந்நாளில் ஜேர்மனியில் அகதி வழக்கு முடியாதவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி எடுக்கவேண்டும். மற்றவர்கள் பல்வலி என்றும் செத்தவீடு என்றும் எழுதி எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் குடியியல் படிப்பித்த ஜெயமலரோ, இந்த அனுமதி முறையை எதிர்த்து வுப்பர்டாலில் சங்கம் தொடங்கப் போகிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். விண்ணப்பத்தை மொழிபெயர்த்த ஞானசுந்தரம், "அக்கா, பல்வலி எண்டு போடுங்கோ," என்று கெஞ்சினார்.

"சங்கம் வைக்கிறது உரிமை, தம்பி. உரிமைக்கு ஏன் பல்வலி?"

அனுமதி மறுக்கப்பட்டது.

சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். வுப்பர்டாலில் கூடிய முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். எல்லோரும் எழும்பப் போன நேரத்தில் காலியாயிருந்த கதிரையிலிருந்து ஜெயமலரின் குரல், "தொடங்குவம், நேரம் போகுது," என்றது. வந்தவர்களில் யோகலிங்கம் அதைத் தலைவராக முன்மொழிந்தார், சிறீதரன் வழிமொழிந்தார். எல்லாம் முறைப்படி நடந்ததால் ஒருவரும் வியக்கவில்லை. அனுமதிப் பத்திரம் பார்க்க வந்த பொலிஸ்காரர் கதிரைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். குரலுக்கும் எல்லை உண்டென்று சட்டத்தில் இல்லாததால் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ஜெயமலர் தன் கையெழுத்தைத் தபாலில் அனுப்பினார், சங்கம் பதிவானது.

முகாமில் அவரால் வெங்காயம்கூட வாய் திறந்து கேட்டு வாங்க முடியவில்லை. மாதாமாதம் அனுமதி கேட்டார். காரணம் எழுதும் இடத்தில், என் குரல் அங்கே இருக்கிறது என்று எழுதினார். பொறுங்கள், உங்கள் முறை வரும் என்பதே வருடக்கணக்காகப் பதில். பொய் எழுதியவன் பத்துத் தரம் போய்வந்தான், உண்மை எழுதியவர் ஊமையாக இருந்தார். எழுதவே எரிச்சலாக இருக்கிறது. குரலோ அதற்குள் ஊர்வலங்களுக்குத் தலைமை தாங்கி, நகரசபையில் பேசிப் பெயர் எடுத்துவிட்டது.

1989 வைகாசியில் ஜெயமலரின் அகதி வழக்கு வென்றது. எங்கும் போகலாம் என்றானதும் ஜெயமலர் முதல் ரயிலிலேயே வுப்பர்டாலுக்கு வந்தார். சங்கக் கூட்டம் நடந்த மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் நின்று, வாயைத் திறந்தபடி கையை உயர்த்தினார்.

"பின்னால நிக்கிற அக்கா," என்றது தலைவரின் கதிரையிலிருந்து அவருடைய குரல், "கொஞ்சம் பொறுங்கோ. உங்கட முறை வரும்."

யாரோ அவருக்கு ஒரு கதிரை நகர்த்திக் கொடுத்தார்கள். ஜெயமலர் உட்கார்ந்தார், கையை மட்டும் இறக்கவில்லை. அதன் பிறகு ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. சங்கத்தின் வரவுப் பதிவில் இருவர் பெயரையும் தனித்தனியே எழுதுகிறார்கள்.