சைலஸுக்கு வைத்த தட்டு

தேவாலயத்தை விட்டுவிட்டுப் பழைய தெய்வங்களைக் கும்பிடுபவள் ஹேசல். தாஸ்மேனியாவின் இலையுதிர் காலத்தில், முன்னோரை நினைக்கும் 'சோவின்' என்ற திருநாளன்று, இறந்தவருக்கு ஒரு தட்டு வைத்து, வாய் திறக்காமல் உண்பது அவள் வீட்டு வழக்கம். இந்த ஆண்டுத் தட்டு முப்பாட்டன் சைலஸுக்கு. வம்ச வரலாற்றைத் தோண்டித் தோண்டி அவள் கண்டெடுத்த மனிதர். ஆடு திருடியதற்காக இங்கிலாந்திலிருந்து கைதியாக இங்கே கப்பலேற்றப்பட்டவர். ஆகவே விருந்துக்கு ஆட்டுக்கால். கறி கொண்டுவந்தது கணவன் மெர்வின்.

மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்ததுமே பக்கத்துப் பண்ணை கிளிஃப் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என் ஆட்டுக்குட்டி ஒண்ணைக் காணோம்மா. இந்தப் பக்கம் வந்துச்சா?"

ஹேசல் உதட்டில் விரல் வைத்து, சைலஸின் காலி நாற்காலியைக் காட்டினாள்.

"அடடா, சாமி காரியமா? மன்னிச்சுக்கம்மா." தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் நழுவினார்.

மெர்வின் தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை. ஹேசலுக்குப் பொறி தட்டியது. மௌன விரதமாவது மண்ணாவது!

"அடப்பாவி! எங்கேருந்துய்யா வந்துச்சு இந்தக் கறி?"

"உஷ், பேசக்கூடாது" என்றான் மெர்வின். "கடையில வாங்கின கறி உங்க முப்பாட்டனுக்குத் தொண்டையில இறங்குமா?"