சிற்றம்பலத்தை நோக்கி வந்த குண்டு

1981 வைகாசி மாதம் ஒரு பின்னேரம் சிற்றம்பலத்தை நோக்கிச் சுடப்பட்ட துவக்குக் குண்டு, அவரை எட்ட இருபது அடி இருக்கையில் காற்றில் நின்றது. உடையார்கட்டுக்குத் தெற்கே, பத்தாம் வாய்க்கால் குடியேற்றத்தின் கமக்காரர் சங்கத் தலைவர் அவர். மாவட்டச் சபைத் தேர்தலுக்கு வேட்பாளராகப் பெயர் கொடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவர் வீட்டுக்கு நடந்தார். குண்டும் அதே இருபது அடி இடைவெளியில் கூடவே வந்தது. படலையைச் சாத்தியபோது வேலிக்கு மேலால் வந்தது. மனைவி இராசேஸ்வரி அடுப்படி வாசலில் நின்று அதை ஏற இறங்கப் பார்த்து, "வாறதெண்டால் வரட்டும், குசினிக்குள்ளை மட்டும் விடமாட்டன்" என்றார். தேர்தலில் சிற்றம்பலம் தோற்றார். குண்டு விலகவில்லை.

விசாரணைக்கு வந்த பொலிஸ் அதிகாரி இதைக் கொலை என்றே பதிந்தார். குண்டு சிற்றம்பலத்துக்கு உரியது என்பதில் அவருக்கு ஐயமில்லை. வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. சுட்டது யார் என்பதில் ஊர் பலவாறாகப் பிரிந்திருந்தது. எதிர்க் கட்சிக்காரர் என்றனர் சிலர். தேர்தலே கூடாது என்ற இயக்கப் பொடியள் என்றனர் வேறு சிலர். பொடியளின் தலையில் பழியைப் போட அரசாங்கமே செய்தது என்று தபாற்காரர் கனகலிங்கம் வரைபடம் கீறிக் காட்டினார். கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் கிடைக்காத நடராசாவின் வேலை என்று பலர் நம்பினர். நடராசாவுக்கும் அது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆவணியில் அதிகாரி வீரையாவைப் பிடித்து அடைத்தார். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து வாய்க்கால் கரையில் குடியிருந்த கூலிக்காரர் அவர். வயலுக்கு வரும் பன்றிக்கு வெடி வைக்க ஒரு பழைய துவக்கு வைத்திருந்தார். வீரையா அங்கே யாருக்கும் உறவில்லை. ஆகவே இந்த முடிவு ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

புரட்டாதியில், காலபோக விதைப்பைத் தீர்மானிக்கும் சங்கக் கூட்டம் கூடியது. சங்கத்தின் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறும். எட்டு வருட அறிக்கைப் புத்தகத்தில் மாற்றுக் கருத்து ஒன்றுகூட இல்லை. விதைப்புக்கு முன் வழக்கை முடிக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டதால், சுட்டது வீரையாவே என்பது முதல் தீர்மானமாக வந்தது. நடராசாவின் கை முதலில் உயர்ந்தது. பிறகு எல்லாக் கைகளும். தலைவர் என்ற முறையில் சிற்றம்பலமும் கையை உயர்த்தினார்.

குண்டு புறப்பட்டது. ஆட்கள் நடக்கும் வேகத்தில், கதிரைகளுக்கு நடுவே நேராக வந்தது.

"இல்லீங்க" என்றது வாசலில் ஒரு குரல். வீரையாவின் மனைவி அழகம்மா.

சிற்றம்பலத்தின் சட்டைப் பொத்தானுக்கு ஒரு முழம் முன்னே குண்டு நின்றது.

"உனக்கென்ன கதை இங்கை? காணியும் இல்லை, வோட்டும் இல்லை" என்றார் நடராசா.

"வாயை மூடு, நடராசா!" சிற்றம்பலம் மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். "அவா கதைக்கட்டும். அழகம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"எங்காளு சுடலைங்க. அன்னைக்குப் பூரா கிளிநொச்சி மில்லுல மூட்டை எறக்கிக்கிட்டு இருந்தாரு. மொதலாளியக் கேளுங்க. யாரும் கேக்கலையே!"

குண்டு ஒரு சாண் பின்னே போனது. கூட்டத்துக்கு விளங்கிவிட்டது. கனகலிங்கம் துள்ளி எழுந்து அரசாங்கம்தான் என்றார். இன்னொருவர் பொடியள் என்றார். நடராசா தயங்கித் தயங்கி, "சில வேளை நானாயும் இருக்கலாம்" என்றார். ஒவ்வொரு கருத்துக்கும் குண்டு பின்வாங்கியது. தேத்தண்ணி வந்தபோது முப்பது அடிக்கு அப்பால் நின்றது.

"ஒரு முடிவு வேணுமே" என்றார் அதிகாரி.

"முடிவு எனக்கெல்லோ வரும், ஐயா" என்றார் சிற்றம்பலம்.

அடுத்த கிழமை சிற்றம்பலம் பதினொரு சத்தியக் கடதாசிகளுடன் நீதிமன்றம் போனார். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஆள் சுட்டிருந்தார். மில் முதலாளியின் சாட்சியும் இருந்தது. நீதவான் இருமுறை வாசித்துவிட்டு வீரையாவை விடுவித்தார். ஊருக்குத் திரும்பிய வீரையா, தன் பெண்சாதி சங்கக் கட்டடத்தில் கதிரையில் இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார். எல்லாரோடும் ஒத்துப்போகாத ஓர் ஆள் சங்கத்துக்குக் கட்டாயம் தேவைப்பட்டதால் அழகம்மாவை உறுப்பினராக்கியிருந்தார்கள். உறுப்பினருக்குக் காணி இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு ஏக்கரும் கொடுத்தார்கள்.

பிறகு வந்த ஆண்டுகளில் பல சீருடைகள் அந்த வழியால் போயின. ஒவ்வொன்றும் அந்தச் சூட்டுக்குத் தன்னுடைய விளக்கத்துடன் வந்தது. சிற்றம்பலத்தின் உடம்புக்கு அது நன்றாகவே ஒத்துக்கொண்டது. குண்டு நூறு அடிக்கு அப்பால் போய், வெயிலில் தும்பிபோல் மினுங்கியது. யார் சுட்டது என்பது இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு இராசேஸ்வரி தேத்தண்ணி கொடுத்ததில்லை.

1989இல் சிற்றம்பலம் முழங்கால் வலி காரணமாகப் பதவியை விட்டார். அழகம்மாவின் பெயரை நடராசா முன்மொழிந்தார். ஆதரவாக முப்பத்தேழு கைகள் உயர்ந்தன. எதிராக ஒரு கை. அது அழகம்மாவின் கை. அப்படியே அறிக்கைப் புத்தகத்தில் பதிந்துவிட்டு, விதைப்புத் திகதியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.