வெள்ளைத் துணி கட்டிய வீடு

பேரிடர் மனிதர்களை ஒன்றுசேர்க்கிறது. உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்ற பேதங்களையெல்லாம் வெள்ளம் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சகலைகளை மட்டும் அதனால் அசைக்க முடிவதில்லை.

கால்வாயை ஒட்டிய அந்தத் தெருவில் வெள்ள மீட்புக் குழுவைத் தொடங்கியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்பது மனைவியின் குறை. தெரு அவரை 'விசில் மாமா' என்றது. 'தலைவரே' என்று யாராவது கூப்பிடுவார்களா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயம் பார்த்து எதிர்வரிசையில் சகலை குடிவந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், வாயெல்லாம் பல். வந்த கையோடு குழுவில் சேர்ந்தார், சேர்ந்த கையோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரப்பர் படகு வாங்கினார்.

"படகைப் பாத்தீங்களா? காத்தடிச்சதும் ஹால் முழுக்க நிக்குது!" என்றாள் மனைவி.

"காத்தடிச்சா யாருதான் பெருசாக மாட்டாங்க?"

"உங்களுக்கு ஏன் இப்படி வயிறு எரியுது?"

"எனக்கா? அசிடிட்டி."

அசிடிட்டிக்கு மாத்திரை உண்டு. இதற்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்ததும் பள்ளிக்கூட மாடியில் கைதூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று குழு முடிவு செய்திருந்தது. இத்தனை வருஷமாக அவரே நின்று, அவரே முன்மொழிந்து, அவரே கைதட்டிக்கொண்ட பதவி அது.

ஒத்திகைக்கு விதி எளிது. ஆட்கள் வெளியேறிய வீட்டு கேட்டில் வெள்ளைத் துணி கட்டிவிட வேண்டும். துணி தெரிந்தால் காலி வீடு. படகு நிற்காமல் போகும். விதியை வகுத்தவரும் விசில் மாமாவே. இடது வரிசை அவருக்கு, வலது வரிசை சகலைக்கு. யார் முதலில் முடிக்கிறார் என்று தெருவே பார்க்கும்.

ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. சகலை வீடு வீடாகக் கதவைத் தட்டி, "கேஸை மூடிட்டீங்களா பெரியம்மா? மாத்திரைய எடுத்துக்கிட்டீங்களா?" என்று குழைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்பு விசில் மாமாவின் காதில் ஊசியாக இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கதவையும் தட்டாமல், தன் வரிசையின் எல்லா கேட்டிலும் மளமளவென்று துணியைக் கட்டினார். தன் வீட்டு கேட்டிலும் கட்டினார். அவர் மனைவி உட்பட அந்த வரிசைக்காரர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு, தாங்களாகவே பள்ளிக்கூடத்துக்கு நடையைக் கட்டினார்கள்.

முதலிடம் உறுதி. கையில் நேரம் மிச்சம். உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்று ஏற்புரையைச் சொல்லிப் பார்த்தார். "நான் பதவிக்கு ஆசைப்பட்டவன் அல்ல..." முகம் ஒத்துழைக்கவில்லை. மறுபடியும் சொன்னார். அதற்குள் கால்வாய் உடைத்துக்கொண்டது. கதவிடுக்கில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கச் செம்மண் நிறத்தில் ஓட்டம். ஒரே தாவலில் சாப்பாட்டு மேசைமேல் ஏறி விசிலை ஊதினார்.

படகு வந்தது. அதே ஆரஞ்சுப் படகு. இழுத்துக்கொண்டு வந்தவர்கள் தையல்காரரும் மருந்துக்கடைக்காரரும்.

"யாரோ விசில் அடிக்கிறாங்கய்யா."

"கேட்ல துணியப் பாரு. காலி வீடு."

"சத்தம் உள்ளேருந்துதானே வருது?"

"மாமா ஒத்திகை பாப்பாரு. துணி கட்டின வீட்ல நின்னா அப்புறம் நம்மளத்தான் காய்ச்சி எடுப்பாரு. நட."

அவருடைய விதியை அவ்வளவு ஒழுங்காக அன்றுவரை யாரும் கடைப்பிடித்ததில்லை.

வெகு நேரம் ஊதி உதடு மரத்த பிறகு கதவு திறந்தது. சகலை.

"அண்ணே! இங்கயா இருக்கீங்க? அக்கா அங்க அழுதுக்கிட்டிருக்காங்க. வாங்க போவோம்."

"படகு எங்க?"

"பெரியவங்களை ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. நீங்க இறங்கி வாங்க."

"இறங்குறதா? ஓடுற தண்ணியில கால வைக்கக் கூடாதுன்னு இந்தத் தெருவுக்கே பாடம் எடுத்தவன் நான், தம்பி!"

சகலை குனிந்து தன் காலைப் பார்த்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். "சரி, ஏறுங்கண்ணே."

முதுகுகூட அகலமாக இருந்தது. அதற்கும் ஒரு பொருமல் பொருமிவிட்டுத்தான் விசில் மாமா ஏறினார்.

பள்ளிக்கூட வாசலில் பலத்த கைதட்டல். "தலைவரே!" என்று யாரோ கூவினார்கள். விசில் மாமா சட்டென்று நிமிர்ந்தார். கூவியது கீழே இருப்பவரைப் பார்த்து. மாடி முழுக்கக் கைகள் உயர்ந்தன. நிமிர்ந்த வேகத்தில் சரியப்போன விசில் மாமாவின் வலது கையும் மேலே போயிற்று. அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்கள். தேர்வு ஏகமனதாக முடிந்தது.

தெருவில் தண்ணீர் சகலையின் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.