மெர்வின் தனக்குத் தானே இட்ட மதிப்பெண்

கட்டுரையைத் திருத்தும் பொறுப்பை மெட்டில்டா மிஸ் மாணவர்களிடமே ஒப்படைத்தபோது, ஒன்பதாம் வகுப்பு மெர்வினுக்கு மனம் குளிர்ந்தது. பத்துக்கு ஆறு பெறாதவர்கள் மாலையில் அமர்ந்து கட்டுரையை மீண்டும் எழுத வேண்டும் என்பது விதி. அன்று மாலையோ கோவிலம்பாக்கத்துப் பையன்களோடு கால்பந்து ஆட்டம், கோல்கீப்பர் மெர்வின்தான். தனக்குத் தானே போட்டுக்கொள்வதென்றால் பத்துக்குப் பத்து. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

“தாராளமா போட்டுக்கோங்க. ஆனா போட்ட மார்க்குக்கு உங்க கட்டுரையிலேர்ந்தே காரணம் காட்டணும்,” என்ற மிஸ், பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: ‘இதில் நீ கண்ணால் கண்டது எது?’

மெர்வின் தன் ‘வண்டலூர்ச் சுற்றுலா’வைப் படித்தான். ‘காட்டின் வேந்தனாம் சிங்கம் விண்ணதிர முழங்கியது’ என்று இருந்தது. அது கைடு புத்தகத்தில் இருந்த வரி. உண்மையில் அன்று பூங்காவில் சிங்கம் மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்புவதற்காக முழங்கியவர் அவனுடைய சித்தப்பா ஜெபகுமார்.

“மச்சான், சிங்கம் கத்தவே இல்லடா. சித்தப்பாதான் கத்துனாரு,” என்று பக்கத்திலிருந்த உதயாவிடம் கிசுகிசுத்தான்.

“அப்ப சித்தப்பான்னு மாத்து. பெல் அடிக்கப் போகுது.”

மாற்றினான். ‘காட்டின் வேந்தனாம் சித்தப்பா விண்ணதிர முழங்கினார்.’ அதைப் படித்த உதயா மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தான். அடுத்த வரி, ‘மக்கள் அஞ்சி நடுங்கினர்.’ ஒருவரும் நடுங்கவில்லை. ஒரு குழந்தை இன்னொரு தடவை கத்தச் சொல்லிக் கேட்டது. சித்தியோ, சித்தப்பா யாரென்றே தெரியாதவரைப் போல யானைப் பக்கம் நடந்துவிட்டார். மெர்வின் அவற்றையும் எழுதினான்.

மிஸ் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“எவ்வளவு போட்டிருக்க?”

“இன்னும் போடல மிஸ்.”

“ஏழு போடு. நான் ஒத்துக்கிறேன்.”

மணி அடித்தது. மெர்வின் தாளைத் திரும்ப வாங்கிக் கடைசி வரிவரை படித்தான். பிறகு பேனாவை எடுத்து ஐந்து என்று போட்டான்.

“இன்னாடா பண்ற? அஞ்சு போட்டா இங்கியே குந்தணும். கோல்ல எவன் நிப்பான்?”

“நீ நில்லு மச்சான். வாட்ச்மேன் வந்து சித்தப்பாவ இழுத்துகினு போனத நான் எழுதவே இல்ல.”

உதயா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனான். சற்று நின்றான். திரும்பி வந்து, மெர்வினை நகரச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தான்.

“இழுத்துகினு போறப்போ சித்தப்பா இன்னா சொன்னாரு?”