இரண்டாவது சாவி

"மூடிய இறக்குங்கப்பா! பாதிரியார் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருப்பாரு?" என்று அத்தாகோரா அதட்டியதும் சவப்பெட்டியின் இருபுறமும் நின்றவர்கள் குனிந்தார்கள். செர்வா ஓடி வந்து மூடியின்மேல் கையை ஊன்றினாள்.

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா. டார்க்வா சார் வரணும்."

"இத்தனை வருஷமா வாசப்படி மிதிக்காதவன் இன்னைக்கு வந்து கிழிக்கப்போறானாக்கும்! செத்தவன் எங்க தாய்வழி ஆளு. எப்ப எடுக்கணும்னு நாங்கதான் சொல்லணும்."

"அப்பா உங்க ஆளுதான், இல்லேங்கல. பெட்டி வாங்கினது யாரு? மக நான். என் பெட்டிய நான் சொல்றப்பதான் மூடணும்."

துக்கத்துக்காகச் சிவப்பும் கறுப்பும் உடுத்தி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, சிரிப்பை மறைக்க இருமினாள். குலம் தாய்வழி என்பதால் பிள்ளைகள் அப்பாவின் குடும்பத்தில் சேரமாட்டார்கள்; ஆனால் பெட்டி தருவது அவர்களின் உரிமை. கானாவின் குமாசியில் அதை மறுக்கக் குடும்பத் தலைவராலும் ஆகாது. "மேளக்காரங்க வர்ற வரைக்கும்தான்" என்று முனகிக்கொண்டே அத்தாகோரா நாற்காலியில் சாய்ந்தார்.

செர்வா அப்பாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நினைவு தடுமாறிய பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "டார்க்வா வந்தாச்சா? அவன் வராம எப்படித் திறக்கிறது?" அவள் டார்க்வாவுக்குப் போன் செய்தாள். "பாக்கலாம்மா" என்று வைத்துவிட்டார். அவர் வரவேயில்லை, அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. மண்ணுக்குப் போவதற்குள்ளாவது வரமாட்டாரா என்று அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

'ஆடும்' வட்டாரத்துக் கடைத்தெருவில் அப்பாவும் டார்க்வாவும் வேலை பார்த்த வங்கிக் கிளையில்தான் அவள் பாதி வளர்ந்தாள். பள்ளி விட்டு நேரே அங்கே போய், கொக்கோ விவசாயிகளின் கால்களுக்கிடையில் நுழைந்து, தட்டச்சுக்கார அக்காவின் மேசைக்கடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பாள். சாயங்காலம் இரும்பறையைப் பூட்டுவதைப் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. கதவில் இரண்டு பூட்டு. ஒரு சாவி அப்பா போன்சுவிடம், இன்னொன்று டார்க்வாவிடம். ஒருவர் பூட்டும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். சட்டம் அப்படியா, இவர்களாகப் பழகியதா, யாருக்கும் தெரியாது. டார்க்வா முதலில் பூட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார். அப்பாவின் சாவி சுழலும். சுவரைப் பார்த்தபடியே, "ஆச்சா?" என்பார் டார்க்வா. "ஆச்சு. வாடா, கென்கே சாப்பிடலாம்" என்பார் அப்பா. தினமும் இதே பேச்சுதான், ஒரு எழுத்து மாறாது. மேலாளர்கள் வந்தார்கள், போனார்கள். அந்த இருவரும்தான் கிளை.

கிளையையே நிரந்தரமாக மூடிய நாளில் அம்மாவுக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போக, அப்பா வீட்டுக்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் தலைமை அலுவலகத்து ஆள் மாற்றுச் சாவியோடு வந்துவிட்டான். அவனோடு சேர்ந்து டார்க்வா கடைசிப் பூட்டைப் போட்டுவிட்டார். "முன்னப்பின்ன தெரியாத பயகூடச் சேர்ந்து பூட்டிட்டான்" என்று அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு இருவரும் பேசவும் இல்லை. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. இரும்பறையின் சுவரை இடிக்க முடியாமல், உள்ளே பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கி விற்கிறார்கள்.

மேளக்காரர்கள் வாசலில் இறங்கும் சத்தம் கேட்டது. அத்தாகோரா எழுந்தார். "சொன்னேன்ல? ரோஷக்காரன். வரமாட்டான்."

"வந்துட்டேன்யா, வாய மூடு" என்றபடி டார்க்வா, வாசலில் நின்ற மேளக்காரர்களை விலக்கிக்கொண்டு வந்தார். கறுப்புத் துணி தோளிலிருந்து நழுவியது. கைத்தடியைப் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியின்மேல் குனிந்தார்.

"உனக்காகக் காத்திருந்திருக்கணும்டா" என்றார். "அந்தாளு கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நின்னான். பயந்துட்டேன்."

செர்வா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இதைக் கேட்க அப்பா கண்விழித்து இருந்திருக்கக்கூடாதா!

மூடி இறங்கியது. பெட்டியின் தலைமாட்டில் ஒரு பூட்டு, கால்மாட்டில் ஒன்று. அத்தாகோரா இரண்டு சாவியையும் டார்க்வாவிடம் நீட்டினார். "வந்தது வந்துட்ட, நீயே பூட்டிடு. நேரமாச்சு."

டார்க்வா ஒன்றை மட்டும் எடுத்தார். கால்மாட்டுப் பூட்டைப் பூட்டினார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"என்னய்யா நிக்கிற? இன்னொண்ண யாரு பூட்டறது?" என்றார் அத்தாகோரா.

செர்வா பெரியப்பாவின் கையிலிருந்து மற்ற சாவியை வாங்கினாள். தலைமாட்டுக்குப் போய்ப் பூட்டினாள்.

"ஆச்சா?" என்றது சுவரைப் பார்த்த குரல்.

"ஆச்சு" என்றாள். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

வெளியே மேளம் தொடங்கியது. ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். டார்க்வா இன்னும் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தார்.