வலது மூலை

வாசலில் செருப்பு உரசுகிற சத்தம் கேட்டால் போதும், மெஹராஜ் பேகத்தின் கை தானாக லேப்டாப்புக்குப் போய்விடும். சமையல்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தாலும் முந்தானையில் கையைத் துடைத்தபடி நாலே எட்டில் உள்ளறைக்கு வந்து, தையல் மெஷின் மேல் திறந்திருக்கும் அதன் மூடியின் வலது மூலையை இரண்டு விரலால் பிடித்து ஒரே அமுக்கு. டப்பென்று மூடிக்கொள்ளும். அதன் மேல் ஓரத்தில் பூவேலை செய்த வெள்ளைத் துணி. அதற்குப் பிறகுதான் முகத்தில் சிரிப்பும் வாயில் "வாங்க, வாங்க"வும் வரும். தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருப்பது என்னவென்று வந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்காததால் அவர்களுக்குத் தெரியாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

துணிக்கடியில் இருந்தது மருமகள் அனீஸாவின் உத்தியோகம். அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் குறித்துக் கொடுக்கிற வேலை. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு கல்யாண விருந்துக்கு வராதவர்கள். எதிர்வீட்டு ஃபஹ்மிதா திருச்சிக்கு வேலைக்குப் போன புதிது. நாலு பேர் ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில் கைவைத்தபடி, "மருமவ, மவ சம்பளத்துல சோறு திங்கிறதுக்கு நாங்க என்ன ஆம்பளை இல்லாத வீடா" என்று மெஹராஜ் பேகம் பக்கத்துப் பாய்க்கும் கேட்கும்படி சொன்னாள். அதே தட்டில் எதிரே உட்கார்ந்திருந்தவள் ஃபஹ்மிதாவின் தாய் பாத்திமா. அவள் தட்டின் நடுவிலிருந்த பெரிய கறித்துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவள் மறந்துவிட்டாள் என்று தெருவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அப்படிப் பேசிய வீட்டின் ஆம்பளை, மகன் சலாஹுதீன், ஷார்ஜாவில் ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள், பாஸ்போர்ட் யார் கையில் என்பதே தகராறு. இது மாமிக்கும் மருமகளுக்கும் மட்டும் தெரியும். யாராவது விசாரித்தால் மெஹராஜ் பேகம், "அவனுக்கென்ன, நல்லா இருக்கான்" என்பாள். வீட்டில் உலை கொதித்தது துணிக்கடியில் இருந்த அந்தச் சாமானால்.

செவ்வாய்க்கிழமை, வாங்கிப்போன இடியாப்ப உரலைத் திருப்பித் தர பாத்திமா வந்தபோது, டப்பென்று கேட்பதற்குப் பதில் மடக்கென்று கேட்டது. பாத்திமா போன பிறகு அனீஸா மூடியைத் தூக்கினாள். கூடவே அடிப்பாகத்தின் வலது பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது.

"மாமி, நடுவுல புடிச்சு மெதுவா மூடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"நான் எங்க மூடுனேன். தானா மூடிக்கிச்சு."

அனீஸா கத்தியிருந்தால் மெஹராஜ் பேகத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மருமகள் கட்டிலில் உட்கார்ந்து, வியாழக்கிழமை பரீட்சை என்று மட்டும் சொன்னாள். கம்பெனி வைக்கிற பரீட்சை. தேறினால் வீட்டிலிருந்தே வேலையைத் தொடரலாம். தேறாவிட்டாலும், எழுதாவிட்டாலும், ஒன்றாம் தேதி சென்னை ஆபீசில் போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். மாற்று லேப்டாப் கேட்டதற்குப் பத்து நாள் ஆகும் என்று பதில் வந்திருந்தது.

அய்யம்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பரணிதரன் மறுநாள் காலையில் பைக்கில் வந்தான். சம்பா அறுவடை நேரம். சட்டைக் காலரெல்லாம் வைக்கோல் தூசி, அப்பாவோடு வயலில் நின்றுவிட்டு நேரே வருகிறான். லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து பிளவுக்குள் டார்ச் அடித்தான்.

"மூடியைத் தாங்குற ஹிஞ்ச் உடையலம்மா. அது இரும்பு, கல்லு மாதிரி இருக்கு. அது புடிச்சிக்கிட்டிருந்த பிளாஸ்டிக்குதான் பேந்துருச்சு. இத்தினூண்டு பித்தளை நட்டைப் பிளாஸ்டிக்ல புதைச்சு, அதுல ஸ்குரு போட்டிருக்கான். ஹிஞ்ச் இறுக்கமா இருக்குறப்ப ஒரு மூலையையே புடிச்சு அமுக்குனா, மொத்த இழுப்பும் அந்த ஒரு நட்டுக்குத்தான். யாரு மூடுறது?"

"காத்து" என்றாள் மெஹராஜ் பேகம்.

பரணிதரன் சன்னலைப் பார்த்தான். அது சாத்தியிருந்தது. மேற்கொண்டு விசாரிக்காத அளவுக்கு அவனுக்கு வாடிக்கையாளர்களைத் தெரியும்.

"அடியில கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிருக்கு, நான் கழட்டுனா அக்காவுக்குத்தான் வம்பு. இப்ப இருக்குற மாதிரியே வச்சு ஓட்டுங்க. இனிமே மூடவே மூடாதீங்க. ஸ்க்ரீன் வயரு இது வழியாத்தான் போவுது, அதுவும் அறுந்துச்சுன்னா முடிஞ்சுது." மூடியின் இரண்டு ஓரத்தையும் பிடித்து லேசாக மேலே தூக்கினான், படம் வந்தது. விட்டான், கறுத்தது. "பாத்தீங்களா. அப்புறம் இந்த மெஷின் மேல வைக்காதீங்க. பின்பக்கம் ரெண்டு விரக்கடை வெளிய தொங்குது, சாய்க்கிறப்ப வெயிட்டெல்லாம் அங்க போயிரும். அகலமான மேசையா பாருங்க. அடியை ரெண்டு கையாலயும் புடிச்சு, நாலு ரப்பர் காலும் ஒண்ணா உக்கார்ற மாதிரி வைக்கணும். நாத்து முடி வீசுற மாதிரி வீசுறாங்க சில வீட்ல."

அந்தச் சில வீடு எது என்று அவன் சொல்லவில்லை. மெஹராஜ் பேகம் டீ போட எழுந்து போய்விட்டாள்.

வீட்டில் அகலமான மேசை ஒன்றே ஒன்றுதான். அனீஸாவின் சீதனத்தோடு வந்த ஆறு பேர் சாப்பாட்டு மேசை. உள்ளறைக் கதவுக்குள் நுழையாததால், வந்த நாளிலிருந்து கூடத்திலேயே நிற்கிறது. தெருக்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். மூடவும் முடியாத, ஒளிக்கவும் முடியாத சாமானை அதில் கொண்டுபோய் வைத்தார்கள். மீதிப் பகல் முழுக்க, வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் மெஹராஜ் பேகம் கதவிடுக்கில் நின்று, "உள்ள பெயின்ட் அடிச்சிருக்கு" என்றாள். வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் பரீட்சை. மூடிக்குப் பின்னால் மாவு டின், அதன் மேல் இரண்டு கிலோ பச்சரிசிப் பை, இடுக்கில் மடித்த துண்டு. படம் நின்றது. அனீஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமி, கேமராவுல என் மொகம் மூணு தடவை மறைஞ்சா கேன்சல். அறையில வேற குரல் கேட்டாலும் கேன்சல். நீங்க கொல்லையிலயே இருங்க."

மெஹராஜ் பேகம் தெருக்கதவைத் தாழிட்டாள், ஆனால் கொல்லைக்குப் போகவில்லை. சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். கால்மணி நேரத்தில் அரிசிப் பை மெல்ல உட்கார்ந்தது. துண்டு நழுவியது. மூடி ஒரு பக்கமாகச் சாய, அனீஸாவின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த வெளிச்சம் அணைந்தது. அவள் அலறவில்லை. தலையை மட்டும் திருப்பி மாமியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் செவ்வாய்க்கிழமையும் இருந்தது.

முட்டிவலியால் மூன்று மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவள், குனிந்து, கேமராவின் கண்ணில் படாமல் சுவரோரமாகவே போய் மேசையின் மறுபக்கம் முட்டி போட்டாள். இரண்டு கையாலும் மூடியின் ஓரங்களைப் பிடித்து, பரணிதரன் காட்டிய மாதிரி லேசாகத் தூக்கினாள். வெளிச்சம் வந்தது. ஒரு தடவை மறைந்தாயிற்று, பாக்கி இரண்டு.

எவ்வளவு நேரம் போனதென்று அவளுக்குத் தெரியாது. எதிரே சாம்பல் நிற மூடி, அதன் விளிம்புக்கு மேலே மருமகளின் நெற்றியும் புருவமும். மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். இந்தப் புருவம் இப்படி வேலை செய்யும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஏறியது, சுருங்கியது, ஒரு பக்கம் மட்டும் தூக்கியது. ஏதோ ஒரு ஊர்க்காரனின் ஈரலோ சிறுநீரகமோ அதற்குள்ளே எண்ணாக மாறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து வலது மூலையைத் தாங்கிய மெஹராஜ் பேகத்தின் இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது.

அப்போதுதான் கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. பட்டப்பகலில் தெருக்கதவு தாழிட்டிருந்தால் யாராக இருந்தாலும் வந்து பார்க்கத்தான் செய்வார்கள். பாத்திமா சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். சமையல்கட்டைத் தாண்டி, கூடத்து நிலையில் வந்து நின்று, வாயைத் திறந்தாள்.

மெஹராஜ் பேகத்தின் பழகிய விரல்கள் வலது மூலையில்தான் இருந்தன. ஒரே அமுக்குப் போதும். பாத்திமா எதையும் பார்த்தவளாக இருக்கமாட்டாள்.

விரல்கள் அமுக்கவில்லை. மெஹராஜ் பேகம் பாத்திமாவைப் பார்த்துத் தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினாள். பாத்திமாவின் திறந்த வாயில், அக்காவைக் கூப்பிடுகிற "லாத்தா" என்கிற சொல்லின் நாக்கு மட்டும் தெரிந்தது. கண் மேசைக்குப் போனது, மருமகளின் காதில் மாட்டியிருந்த ஒயருக்குப் போனது, மூடியைத் தாங்கிய மாமியின் கைக்கு வந்தது. சஹன் தட்டில் இருந்த அதே கண். எதையோ கூட்டிக் கழித்து முடித்த மாதிரி ஒருமுறை மூடித் திறந்தது. இனிமேல் இந்தத் தெருவில் சொல்லி மாளாது.

மெஹராஜ் பேகம் மோவாயால் தனக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினாள். அது கெஞ்சலா உத்தரவா என்று அவளுக்கே விளங்கவில்லை.

பாத்திமா அவசரத்தில் மாட்டியபடியே உள்ளே வந்துவிட்ட செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினாள். சுவரோரமாகக் குனிந்து வந்து, மூச்சுவாங்க முட்டி போட்டு, மெஹராஜ் பேகத்தின் விரல்களைத் தள்ளிவிட்டு வலது மூலையைத் தான் பிடித்துக்கொண்டாள். தோளும் தோளும் இடித்தன. அவளுடைய வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது: எவ்வளவு நாளா?

மெஹராஜ் பேகம் மூடியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் அறுவடை மெஷின் ஒன்று ஊர்ந்து போனது. சன்னல் கம்பி அதிர்ந்தது. அது உதறிய பதர்த் தூசி வெயிலோடு சேர்ந்து கூடத்துக்குள் வந்து, சுழன்று, மூடியின் மேலும் அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளின் மேலும் மெல்ல இறங்கியது. பாத்திமாவின் மூக்கு நுனி சிவந்தது. மூடியை விடாமல் இன்னொரு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்தது. மெஹராஜ் பேகம் தன் வலது கையை அப்படியே வைத்துக்கொண்டு, மரத்துப்போன இடது கையால் பாத்திமாவின் வாயைப் பொத்தினாள். எதிரே மருமகளின் புருவம் ஒரு பக்கம் தூக்கி, தும்மல் வெடிக்குமா என்று காத்து, அப்படியே நின்றிருந்தது.